கீழ்க்காய்நெல்லியும் பத்து இலட்சம் சேர்வைகளும்

மாரி மழை விட்ட பின் கந்தளாய்க் குளக்கட்டின் சரிவிலும், வாய்க்கால் ஓரத்திலும், வயல் வரம்பிலும் யாரும் விதைக்காமலே முளைக்கும் பூண்டு கீழ்க்காய்நெல்லி. ஒரு சாண் உயரம் இருக்கும். இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் கடுகைவிடச் சற்றுப் பெரிய காய்கள் வரிசையாகத் தொங்கும். தமிழ்நாட்டில் இதைக் கீழாநெல்லி என்பார்கள். சிங்கள அயலவர்கள் பிட்டவக்கா என்பார்கள். வீட்டில் ஒருவருக்குச் செங்கண்மாரி என்று தெரிந்ததும் யாராவது ஒருவர் இந்தப் பூண்டைத் தேடிப் போவார். வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, அரைத்து, மோரில் கலந்து வெறுவயிற்றில் கொடுப்பது வழக்கம்.

இதே பூண்டு 1988 ஒக்டோபரில் 'லான்செட்' மருத்துவ இதழில் இடம்பிடித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழுவினரும், ஹெபடைட்டிஸ் பி வைரசைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கும் சேர்ந்து எழுதிய கட்டுரை அது. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2010இல், 'நேச்சர்' இதழில் மின் காவோவும் அவருடைய சகாக்களும் வேறொரு கதையைச் சொன்னார்கள். பிறிஸ்டல்-மையர்ஸ் ஸ்குயிப் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இரசாயனச் சேர்வைகளைச் சோதித்து, அவற்றிலிருந்து ஹெபடைட்டிஸ் சி வைரசுக்கு எதிரான மருந்தொன்றை வந்தடைந்த கதை அது. அந்த மருந்து டக்ளாட்டஸ்விர். அது இன்று உலகெங்கும் மனிதர்களைக் குணப்படுத்துகிறது. கீழ்க்காய்நெல்லி 1988இல் நின்ற இடத்திலிருந்து அதிகம் நகரவில்லை.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நமக்கு மிகவும் தேவையான வேலை என்று நினைக்கிறேன். பரம்பரை வைத்தியம் எதிர் விஞ்ஞானம் என்ற பழைய வழக்காக இதை நடத்தினால் ஒன்றும் விளங்காது. இரண்டு முயற்சிகளையும் நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற விஞ்ஞானிகள். இரண்டும் மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலேதான் தொடங்கின. வேறுபாடு அதற்குப் பிறகு நடந்தவற்றில் இருக்கிறது.

முதலில் செங்கண்மாரியைப் பற்றித் தெளிவுபடுத்த வேண்டும். கண்ணும் தோலும் மஞ்சளாவது ஓர் அறிகுறி. அதன் பின்னால் பல நோய்கள் இருக்கலாம். அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஏ, ஈ வகை வைரசுகள் வந்தால் கண் மஞ்சளாகும், பசி போகும், சில வாரங்களில் பெரும்பாலோருக்குத் தானாகவே மாறிவிடும். குருதியாலும் உடல் திரவங்களாலும் பரவும் பி வகை வளர்ந்தவர்களுக்குத் தொற்றினால், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உடலே அதை வென்றுவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிய பிள்ளைக்கோ அது வாழ்நாள் முழுவதும் தங்கிவிடக்கூடும். சி வகை இவை எல்லாவற்றுக்கும் மாறானது. அது தொற்றிய பெரும்பாலோருக்குக் கண் மஞ்சளாவதே இல்லை. பத்தில் ஏழு பேர் அளவில் வைரசு நிரந்தரமாகத் தங்கி, இருபது முப்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் ஈரலை வடுவாக்கும். கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து வைத்தியசாலைக்கு வரும்போதுதான் பலருக்குத் தெரியவரும்.

கீழ்க்காய்நெல்லிக்குக் கிடைத்த பெரும் புகழின் ஒரு பகுதி இங்கேதான் பிறந்தது. தானாக மாறும் ஏ வகைச் செங்கண்மாரிக்கு எந்தப் பூண்டைக் கொடுத்தாலும் மூன்றாம் வாரம் கண் வெளுக்கும். கொடுத்த பரியாரி பொய் சொல்லவில்லை. தன் கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். ஆனால் சி வகை நோயை எந்தப் பரியாரியாலும் கண்டிருக்க முடியாது. மஞ்சள் இல்லை, காய்ச்சல் இல்லை, நோயாளி தன்னை நோயாளியாகவே எண்ணுவதில்லை. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த கவனிப்பு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத நோய்க்கு மருந்து சொல்ல அதனால் முடியாது.

சொல்லப்போனால், விஞ்ஞானத்தாலும் நெடுங்காலம் முடியவில்லை. குருதி ஏற்றியவர்களில் சிலருக்கு ஏ-யும் அல்லாத பி-யும் அல்லாத ஓர் ஈரல் அழற்சி வருவதை ஹார்வி ஆல்டர் 1970களில் காட்டிய பிறகும், காரணமான வைரசை எந்த நுணுக்குக்காட்டியிலும் பிடிக்க முடியவில்லை. அதைப் பிடித்ததே ஒரு சலித்தெடுப்பு ஆய்வுதான். கைரோன் நிறுவனத்தில் மைக்கேல் ஹவ்ற்றன், குய்-லிம் சூ, ஜோர்ஜ் குவோ ஆகியோர், நோயுற்ற சிம்பன்சியின் குருதியிலிருந்து மரபுத் துண்டுகளை எடுத்துப் பற்றீரியாக்களுக்குள் வைத்து, ஏறத்தாழப் பத்து இலட்சம் துண்டுகளை நோயாளியின் குருதிநீரோடு ஒவ்வொன்றாக ஒட்டவைத்துப் பார்த்தார்கள். ஒன்றே ஒன்று ஒட்டியது. 1989இல் அந்தத் துண்டிலிருந்து ஹெபடைட்டிஸ் சி வைரசு வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து குருதி வங்கிகளுக்குச் சோதனை கிடைத்தது. இன்று இலங்கையில் தானமாகக் கிடைக்கும் குருதி சி வகைக்கும் சோதிக்கப்படுவது அந்த ஒற்றைத் துண்டின் பயன்.

இனிச் சென்னைக்கு வருவோம். தியாகராஜன் குழுவினர் 1982இலேயே கீழ்க்காய்நெல்லிச் சாறும் கரிசலாங்கண்ணிச் சாறும் ஹெபடைட்டிஸ் பி தொற்றின் அடையாளமான மேற்பரப்பு எதிரியாக்கியைச் சோதனைக் குழாயில் செயலிழக்கச் செய்கின்றன என்று எழுதியிருந்தார்கள். பிலடெல்பியாவின் ஃபொக்ஸ் சேஸ் புற்றுநோய் நிலையத்தில் பி. எஸ். வெங்கடேஸ்வரன், இர்விங் மில்மன், பிளம்பர்க் ஆகியோர் அதைத் தொடர்ந்தார்கள். பி வைரசையொத்த வைரசு தொற்றும் உட்சக் என்ற வட அமெரிக்க வளைவாழ் விலங்கில் கீழ்க்காய்நெல்லிச் சாற்றைச் சோதித்து, 1987இல் நம்பிக்கையூட்டும் முடிவுகளை வெளியிட்டார்கள். அதே ஆண்டு அந்த நிலையத்துக்கு அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. நம் வரம்புப் பூண்டின் மீது கடல் கடந்த ஒரு காப்புரிமை என்பது பின்னாளில் பெரும் வாதமாயிற்று.

1988ஆம் ஆண்டுக் கட்டுரையின் முடிவு வியப்பூட்டுவது. உலர்த்திப் பொடித்த பூண்டு 200 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, முப்பது நாள். மருந்து பெற்ற 37 பேரில் 22 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 59 பேருக்கு, மேற்பரப்பு எதிரியாக்கி குருதியிலிருந்து மறைந்தது. வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டும் மறைந்தது. வைரசை நெடுங்காலம் உடலில் சுமக்கும் நாட்பட்ட காவிகளிடம் இந்த எதிரியாக்கி தானாக மறைவது ஆண்டுக்கு நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் 59 என்ற எண்ணின் கனம் புரியும். இன்றுவரை எந்த மாத்திரையும் ஒரு மாதத்தில் அதைச் செய்ததில்லை. கட்டுரையாளர்கள் அதை முன்னோடி ஆய்வு என்றே அழைத்தார்கள்; குழுக்கள் சிறியவை, சமமற்றவை. ஆனால் செய்தி பரவிய வேகத்தில் 'முன்னோடி' என்ற எச்சரிக்கை தொலைந்துபோயிற்று. ஊருக்கு ஊர் கீழாநெல்லிக் குளிசை வந்தது.

மற்றவர்கள் திருப்பிச் செய்து பார்த்தபோது கதை மாறியது. 1990இல் தாய்லாந்திலிருந்து, அறிகுறியற்ற காவிகளிடம் இந்தப் பூண்டு எதிரியாக்கியை நீக்கவில்லை என்ற அறிக்கை அதே லான்செட்டில் வந்தது. 1994இல் நியூசிலாந்து ஆய்வாளர்களும் தோல்வியை அறிவித்தார்கள். 2011இல் கொக்ரேன் அமைப்பு அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டு, வெற்று மருந்தைவிட இது மேலானது என்று நம்பத்தக்க சான்று இல்லை என்று முடித்தது.

ஏன் இந்த முரண்? ஒருவரையும் குறை சொல்லாமல் இதைப் பிரித்துப் பார்க்கலாம். 1982லும் 1987லும் வந்த கட்டுரைகள் பூண்டை ஃபில்லாந்தஸ் நிரூரி என்றன. 1988இல் அது ஃபில்லாந்தஸ் அமாரஸ் ஆயிற்று. நிரூரி உண்மையில் அமெரிக்கக் கண்டத்துக்குரிய வேறோர் இனம். இங்கேயும் இந்தக் குழப்பம் உண்டு: நம் வரம்புகளில் அமாரஸ், டெபிலிஸ், தண்டு சிவந்த யூரினேரியா எனப் பல இனங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கலந்து வளர்கின்றன. பிடுங்குகிற கை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பிடுங்கும். அதற்கு மேல், நிலமும் பருவமும் மாறினால் ஒரே இனத்துக்குள்ளேயே சாற்றின் உள்ளடக்கம் மாறும். சென்னையில் கொடுத்த பொடியும் பாங்கொக்கில் கொடுத்த பொடியும் ஒன்றுதானா என்று உறுதிசெய்ய வேண்டுமானால், பொடியிலுள்ள எந்தச் சேர்வை வேலை செய்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதனால் தாய்லாந்தின் 'இல்லை' சென்னையின் 'ஆம்' மீது முழுமையாக விழவும் இல்லை, சென்னையின் 'ஆம்' நிலைக்கவும் இல்லை. நியூயோர்க்கின் அல்பேர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரிக் குழுவொன்று, தியாகராஜனும் பங்கேற்க, 1996இல் இந்தச் சாறு பி வைரசின் மரபுச் செய்தி உருவாவதைக் குறைக்கிறது என்று காட்டியது. அப்போதும் கேள்வி மேசையிலேயே கிடந்தது. தவறு என்று தெளிவாகக் காட்டப்பட்டிருந்தால் இந்த ஆராய்ச்சி ஏதாவது ஒரு திசையில் நகர்ந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இப்போது மறுபக்கம். ஹெபடைட்டிஸ் சி-க்கு மருந்து தேடுபவர்களுக்கு ஆரம்பத்தில் இருந்த இக்கட்டு இதைவிட மோசம். 1989இல் வைரசு பிடிபட்டு, அதன் மரபு வரிசையும் விரைவில் தெரிந்துவிட்டது. ஆனால் கண்ணாடித் தட்டில் வளர்த்த எந்தக் கலத்திலும் அது வளர மறுத்தது. வளராத வைரசுக்கு எதிராக எந்த மருந்தைச் சோதிப்பது? பத்து ஆண்டுகள் இந்தச் சுவரில் முட்டி நின்றார்கள். ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கர் லோமனும் ரால்ஃப் பார்ட்டன்ஷ்லாகரும் 1999இல் வழி கண்டார்கள். வைரசின் ஆர்.என்.ஏ-யிலிருந்து வெளிச்சட்டைக்கான பகுதிகளை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் ஒரு நச்சு மருந்தைத் தாங்கும் மரபணுவைச் செருகினார்கள். அதை, யப்பானிய நோயாளி ஒருவரின் ஈரல் கட்டியிலிருந்து 1982இல் உருவாக்கிய ஹூ-7 கலங்களுக்குள் செலுத்தினார்கள். பிறகு தட்டில் அந்த நச்சை ஊற்றினார்கள். எந்தக் கலத்துக்குள் வைரசின் ஆர்.என்.ஏ தன்னைத் தானே பிரதியெடுத்துக்கொண்டிருக்கிறதோ அது மட்டும் பிழைக்கும்; மற்றவை சாகும். சில கூட்டங்கள் மட்டும் பிழைத்தன. அந்தப் பிழைத்த கலங்களுக்குள் தொற்றும் ஆற்றல் இல்லாத, ஆனால் ஓயாமல் பெருகும் வைரசுத் துண்டு இருந்தது. ரெப்ளிக்கொன் என்று அதற்குப் பெயர். அடுத்த ஆண்டே சார்ள்ஸ் ரைஸின் குழு, வைரசுப் புரதத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறினால் இந்தப் பெருக்கம் பன்மடங்காகும் என்று கண்டது. 2020ஆம் ஆண்டு நோபல் பரிசு ஆல்டர், ஹவ்ற்றன், ரைஸ் மூவருக்கும் கிடைத்தது. மைன்ஸின் இருவருக்கும் அதில் இடம் கிடைக்காதது எனக்கு இன்னும் வருத்தம். அவர்கள் செய்த கலங்கள் இல்லாமல் பின்னால் வந்த எந்த மருந்தும் இவ்வளவு விரைவில் வந்திருக்காது.

பிறிஸ்டல்-மையர்ஸ் குழு இந்தக் கலங்களைக் குழித்தட்டுகளில் பரப்பி, ஒவ்வொரு குழியிலும் தம் சேமிப்பிலுள்ள ஒரு சேர்வையை இட்டது. அவர்கள் சோதனையை அமைத்த விதத்தில்தான் இந்த ஒப்பீட்டின் உயிர் இருக்கிறது. ஒரே குழியில் மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன. சி வைரசின் ரெப்ளிக்கொன் குறைகிறதா? அதே குழியில் கலந்திருக்கும் வேறு கலங்களிலுள்ள, மாடுகளுக்கு வயிற்றோட்டம் தரும் தூரத்து உறவு வைரசின் ரெப்ளிக்கொனும் குறைகிறதா? கலங்கள் உயிரோடு இருக்கின்றனவா? கலத்தைக் கொல்லும் நஞ்சு எல்லா வைரசையும் 'நிறுத்தும்'. அது மூன்றாம் கேள்வியில் அகப்படும். எல்லாவற்றிலும் பொதுவாக ஒட்டிக்கொள்ளும் சேர்வை இரண்டு வைரசையும் தடுக்கும். அது இரண்டாம் கேள்வியில் அகப்படும். சி-யை மட்டும் தடுத்து, மாட்டு வைரசையும் கலத்தையும் தொடாமல் விடும் சேர்வை மட்டுமே அடுத்த படிக்குப் போகும். ஆம் சொல்வதற்கு ஒரு வழி, இல்லை சொல்வதற்கு இரண்டு வழிகள். பத்து இலட்சம் முறை கேட்கும்போது, இல்லை என்று விரைவாகவும் நேர்மையாகவும் சொல்லும் ஏற்பாடு இல்லாவிட்டால் பொய் நம்பிக்கைகளே குவிந்துவிடும்.

அப்படித் தேறி வந்தது பி.எம்.எஸ்-858 என்று எண்ணிட்ட ஒரு சேர்வை. பெரிய வீரியம் எதுவும் அதற்கு இருக்கவில்லை. அது வைரசின் எந்தப் புரதத்தைத் தாக்குகிறது என்றும் தெரியவில்லை. அதை அறிய அவர்கள் வைரசையே கேட்டார்கள். ரெப்ளிக்கொன் கலங்களை இந்த வகைச் சேர்வையோடே வளர்த்து, தப்பிப் பிழைத்த ரெப்ளிக்கொன்களின் மரபு வரிசையை வாசித்தார்கள். மாற்றங்கள் என்.எஸ்.5ஏ என்ற புரதத்தில் இருந்தன; அதன் 93ஆம் இடத்துத் தைரோசின் ஹிஸ்டிடினாக மாறியிருந்தது. ஆச்சரியம் என்னவென்றால், என்.எஸ்.5ஏ ஒரு நொதியம் அல்ல. அது என்ன வேலை செய்கிறது என்று எவராலும் திட்டமாகச் சொல்ல முடியாதிருந்த காலம் அது. இலக்கு தெரிந்து மருந்து தேடியிருந்தால் யாருமே இந்தப் புரதத்தின் பக்கம் திரும்பியிருக்க மாட்டார்கள்.

இன்னொரு திருப்பமும் வந்தது. இந்த வரிசையில் பின்னர் செய்த ஒரு சேர்வை வளர்ப்பூடகத்தில் கிடக்கும்போதே உருமாறுவதை இரசாயனவியலாளர் கவனித்தார்கள். கரைசலைக் கூறு கூறாகப் பிரித்துச் சோதித்தபோது, வைரசைத் தடுக்கும் ஆற்றல் அவர்கள் இட்ட சேர்வை இருந்த கூறில் இல்லை. வேறொரு கூறில் இருந்தது. இரண்டு மூலக்கூறுகள் தாமாகவே ஒன்றோடொன்று இணைந்து இரட்டையாகியிருந்தன. அந்த இரட்டைதான் உண்மையான மருந்து. எண்ணிட்டு, தூய்மை பார்த்து, குழியில் இட்ட பொருளே தாம் நினைத்த பொருளாக இருக்கவில்லை! கீழ்க்காய்நெல்லிப் பொடிக்குள் எது வேலை செய்தது என்று தெரியாமற் போனதும் இதுவும் ஒரே வகைச் சிக்கல்தான். பிறிஸ்டல்-மையர்ஸ் ஆய்வுகூடத்தில் அதைப் பிரித்துப் பார்க்கக் கருவியும் இருந்தது, ஒவ்வொரு கூறையும் மறுநாளே சோதிக்க ரெப்ளிக்கொனும் இருந்தது. 1988இல் சென்னையில் ஒவ்வொரு கூறையும் உண்மையான தொற்றில் சோதிக்க மனிதரோ உட்சக்கோதான் வேண்டியிருந்தது.

அந்த இரட்டைத் தன்மையைப் பிடித்துக்கொண்டு சமச்சீரான மூலக்கூறுகளாகச் செதுக்கிச் செதுக்கி வந்ததே டக்ளாட்டஸ்விர். சி வைரசின் 1பி என்ற மரபுவகையின் பெருக்கத்தைப் பாதியாகக் குறைக்க அதற்கு வேண்டியது ஒன்பது பிக்கோமோலார் செறிவு. கந்தளாயில் முப்பத்தேழு ஏக்கர் வயலில் ஒரு மீற்றர் உயரத்துக்கு நீர் நிறுத்தி, அந்த நீர் முழுவதிலும் ஒரே ஒரு கிராம் மருந்தைக் கரைத்தால் வரும் செறிவு ஏறத்தாழ அதுதான். நோயாளிகளுக்கு முதன்முதலில் 100 மில்லிகிராம் ஒரு வேளை மட்டும் கொடுத்தபோது, இருபத்துநான்கு மணி நேரத்தில் குருதியிலிருந்த வைரசு சராசரியாக இரண்டாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது.

இந்த அளவு முறையையும் கவனிக்க வேண்டும். சி வகையில் வைரசின் ஆர்.என்.ஏ-யை எண்ணிச் சொல்ல முடிந்தது; நேற்று இவ்வளவு, இன்று இவ்வளவு. மருந்தின் குணம் ஒரு நாளில் தெரிந்தது. சென்னை ஆய்வு பார்த்தது எதிரியாக்கி இருக்கிறதா இல்லையா என்பதை, முப்பது நாள் மருந்து முடிந்து இரண்டு மூன்று வாரத்தின் பின். மெல்லக் குறைகிறதா, யாருக்கு எவ்வளவு குறைகிறது, அளவைக் கூட்டினால் கூடுதலாகக் குறைகிறதா என்ற கேள்விகளுக்கு அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. சி வகைக்கான எல்லா மருந்தும் இப்படிக் கண்ணை மூடிச் சலித்து வந்தவை அல்ல. போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனம் வைரசின் புரதம் வெட்டும் நொதியத்தின் வடிவத்தைப் படித்து, அதற்கு அளவெடுத்துச் செய்த பி.ஐ.எல்.என் 2061 என்ற மூலக்கூறு 2003இல் நோயாளிகளிடம் வைரசை விரைவாக வீழ்த்தியது; விலங்குகளின் இதயத்தில் பாதிப்புத் தெரிந்ததால் அது கைவிடப்பட்டது. சொஃபொஸ்புவிர், மைக்கேல் சோஃபியாவின் குழு பார்மசெற் நிறுவனத்தில் நியூக்கிளியோசைட்டு இரசாயனத்திலிருந்து திட்டமிட்டு உருவாக்கியது. அளவெடுத்துச் செய்த சொஃபொஸ்புவிரும் சலித்தெடுத்த டக்ளாட்டஸ்விரும் இன்று ஒரே நோயாளிக்குச் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. பன்னிரண்டு வாரம், நாளுக்கு ஒரு வேளை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணம். முன்பு இன்ரபெரோன் ஊசியும் ரிபாவிரினும் ஓராண்டு போட்டு, காய்ச்சலும் சோர்வும் மனச்சோர்வும் தாங்கி, சி வைரசின் முதல் மரபுவகையில் பாதிப்பேர் கூடத் தேறாத நிலை இருந்தது.

விலையில் மட்டும் பூண்டுதான் முன்னே நின்றது. அமெரிக்காவில் 2013 டிசம்பரில் சொஃபொஸ்புவிர் வந்தபோது பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டொலர். ஒரு மாத்திரை ஆயிரம் டொலர். வரம்பில் இலவசமாக முளைக்கும் பூண்டோடு அதை ஒப்பிட்டுச் சலித்துக்கொண்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2014இல் இந்திய நிறுவனங்களுக்கு உற்பத்தி உரிமம் கிடைத்தது. 2015இல் ஹைதராபாத்தின் நாட்கோ உள்ளிட்டவை மலிவான மாத்திரைகளை இறக்கின. அதே ஆண்டு இரண்டு மருந்தும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தன. டக்ளாட்டஸ்விரின் உரிமம் மருந்துக் காப்புரிமைக் குழுமத்துக்கு வந்தது. பஞ்சாப் மாநிலம் 2016இல் இலவச சிகிச்சை தொடங்கியது. 2018 யூலையில் இந்தியா முழுவதற்குமான தேசியத் திட்டம் வந்தது. மருந்தைக் கண்டுபிடித்ததில் விஞ்ஞானிகளுக்கு எவ்வளவு பங்கோ, அதை மனிதர் கையில் சேர்த்ததில் இந்த உரிமங்களுக்கும் திட்டங்களுக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இரண்டு வழிகளும் சந்தித்த ஓர் இடம் பெங்களூர். இந்திய அறிவியல் கழகத்தில் சௌமித்ர தாஸின் குழு கீழ்க்காய்நெல்லியை எடுத்து, பி-க்கு அல்ல, சி-க்கு எதிராகச் சோதித்தது. 2011இல் வெளியான அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது ஒரு சிறு விவரம். பரியாரிகள் சமூலமாக, அதாவது வேர், தண்டு, இலை எல்லாம் சேர்த்து அரைக்கிற பூண்டை இவர்கள் பிரித்துச் சோதித்தார்கள். வேரின் சாறு வைரசின் என்.எஸ்.3 என்ற, புரதம் வெட்டும் நொதியத்தைத் தடுத்தது. இலையின் சாறு ஆர்.என்.ஏ-யைப் பிரதியெடுக்கும் என்.எஸ்.5பி நொதியத்தைத் தடுத்தது. சமூலமாகக் கொடுக்கச் சொன்ன முன்னோர் இதை அறிந்திருந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது அவர்களுக்குப் பெருமையும் அல்ல. ஆனால் சமூலத்துக்குள் வெவ்வேறு வேலை செய்யும் பொருள்கள் இருப்பது சோதனையில் தெரிந்தது. அதே குழு 2018இல், இந்தப் பூண்டிலிருக்கும் கொரிலாஜின் என்ற சேர்வை சி வைரசின் பெருக்கத்தைத் தடுப்பதையும் ஒட்சியேற்ற அழுத்தத்தைக் குறைப்பதையும் எழுதியது. முப்பது ஆண்டுகளாகப் பொடியாக இருந்த கேள்வி ஒரு மூலக்கூறாகச் சுருங்கியது.

இங்கே ஒரு கண்டிப்பான கேள்வியும் கேட்கத்தான் வேண்டும். கொரிலாஜின் ஒரு தனின். கடுக்காயிலும் மாதுளைத் தோலிலும் துவர்ப்பைத் தருகிற வகை. தனின்கள் எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. அதனால் தாவரச் சாறுகளைச் சலிக்கும் ஆய்வுகூடங்கள் முதலில் தனின்களை நீக்கிவிட்டே தொடங்குவதுண்டு. இல்லையேல் எல்லாச் சாறும் எல்லா நொதியத்தையும் தடுப்பதுபோல் தோன்றும். குடித்த தனின் குடலைக் கடந்து குருதியில் போதிய அளவு சேர்வதும் கடினம். மாட்டு வைரசையும் சேர்த்து வைத்துக் கேட்ட அந்த இரண்டாம் கேள்வியை இந்தச் சேர்வையிடமும் கேட்டு, அது தேறினால்தான் என் மனம் முழுதாக ஒப்பும்.

ஆகவே இன்று கந்தளாயில் ஒருவருக்கு ஹெபடைட்டிஸ் சி என்று குருதிச் சோதனை சொன்னால், அவர் எடுக்க வேண்டியது மாத்திரையைத்தான். இதில் தயக்கத்துக்கு இடமில்லை. பூண்டைக் குடித்துப் பார்த்து ஆறு மாதம் கழித்து வருகிறேன் என்பது ஈரலுக்குச் செய்யும் அநியாயம். பல காலமாகக் குருதி ஏற்றிக்கொள்பவர்கள், சிறுநீரகம் பழுதாகி இயந்திரத்தில் குருதி சுத்திகரிப்பவர்கள், சுத்தமில்லாத ஊசி குத்தப்பட்டவர்கள் அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு தடவை சோதித்துக்கொள்வது நல்லது. சி-க்கான மாத்திரையைத் தொடங்குமுன் பி-யையும் சோதிக்க வேண்டும். சி வைரசு விலகும்போது அடங்கிக் கிடந்த பி வைரசு சிலருக்குக் கிளர்ந்தெழும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2016இல் கடும் எச்சரிக்கை விடுத்தது.

இந்த பி வைரசுதான் இன்னும் வெல்லப்படாதது. சி வகையோடு வாழ்பவர்கள் உலகில் ஏறத்தாழ ஐந்து கோடி. பி வகையோடு வாழ்பவர்கள் இருபத்தைந்து கோடிக்கும் மேல். தெனோபொவிர் போன்ற மாத்திரை பி-யை அடக்கிவைக்கும். ஆனால் அந்த வைரசு ஈரற் கலத்தின் கருவுக்குள் தன் மரபை ஒரு வளையமாகச் சுருட்டி ஒளித்துவைப்பதால், அதைப் பெரும்பாலோரின் உடலிலிருந்து வேரோடு எடுக்க எந்த மருந்தாலும் முடிவதில்லை. கீழ்க்காய்நெல்லியை முதலில் சோதித்தது இந்த வைரசுக்குத்தான். 1988இல் இல்லாதிருந்த கருவி இப்போது இருக்கிறது: 2012இல் பெய்ஜிங்கில் வென்ஹுய் லியின் குழு பி வைரசு கலத்துக்குள் நுழையும் வாயில் புரதத்தைக் கண்டுபிடித்தது. அந்தப் புரதத்தைத் தாங்கும் ஈரற் கலங்களைத் தட்டில் வளர்த்து, பி வைரசைத் தொற்றவைத்து, சேர்வைகளைச் சலிக்கலாம். மைன்ஸின் கலங்கள் சி-க்குச் செய்ததை இவை பி-க்குச் செய்யக்கூடும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கற்பிக்கப்படுகிறது. அந்த மாணவர்கள் கந்தளாய், சேருவில, மூதூர் வரம்புகளிலிருந்து பூண்டைச் சேர்க்கலாம். அமாரஸ், டெபிலிஸ், யூரினேரியா என்று இனம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உலர்த்திய மாதிரித் தாள் வைத்து, வேரும் இலையும் வேறாக, பறித்த மாதமும் மண்ணும் குறித்து, தனின் நீக்கிய சாறும் நீக்காத சாறும் இரண்டிரண்டாக எடுத்துவைப்பது நம் கைக்கு எட்டாத வேலை அல்ல. கலங்களில் சோதிப்பதைப் பெங்களூரிலோ வேறெங்கோ அதற்கான பாதுகாப்புள்ள ஆய்வுகூடத்தோடு சேர்ந்து செய்யலாம். யாருக்கு எந்த உரிமை என்பதை 1987 போல் பின்னர் வாதிடாமல் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். விடை 'ஆம்' என்று வந்தால் எந்தச் சேர்வை என்று தேடும் வேலை தொடங்கும். 'இல்லை' என்று வந்தால் அதையும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, பூண்டை மட்டும் நம்பிப் பி வகைச் சோதனைக்குப் போகாமல் இருப்பவர்களின் வீடுகளுக்குக் கொண்டுபோக வேண்டும். அவர்களுக்கான மாத்திரை ஏற்கெனவே இருக்கிறது.